மூன்று நாள் இன்மை

தனி ஆளாக உட்கார்ந்து ஒரு செயலி செய்து, அதை விற்று நன்றாகச் சம்பாதிக்க முடியுமா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. முடியும். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் செயலி நாளைக் காலை காணாமல் போனால் யாருக்கு வலிக்கும்?

பலர் இதை ஏதோ தத்துவம் என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். தத்துவம் இல்லை, கணக்கு. செயலிகள் விற்கும் எங்கள் கடையில் விலை இப்படித்தான் பிறக்கிறது. நான் கடையின் மேற்கு மண்டல விலை விளக்குநர். டெவலப்பர்களின் வீட்டுக்கே போய், அவர்களுக்கு ஏன் இவ்வளவு வருகிறது, ஏன் இவ்வளவுதான் வருகிறது என்று புரியும்வரை சொல்லித் தருவது என் வேலை. பதினொரு வருடமாகச் செய்கிறேன். ஒரு நாள்கூட சலித்ததில்லை.

ஒரு காலத்தில் ஒரு செயலியை எத்தனை பேர் போனில் பதிவிறக்கினார்கள் என்று பார்த்துக் காசு கொடுத்தோம். ஒரே அறையில் ஆயிரம் போன்களை அடுக்கிவைத்து இறக்கிக்கொண்டார்கள். உபயோகிப்பவர்கள் போடும் நட்சத்திரங்களை எண்ணினோம். நட்சத்திரத்தை விற்கவே கம்பெனி தொடங்கினார்கள். அப்புறம் கடையின் இயந்திரமே செயலி எழுதக் கற்றுக்கொண்டது. மாட்டுத் தீவனக் கணக்குக்கு ஒரு செயலி வேண்டும் என்று வாயால் சொன்னால் போதும், ஒரு நிமிடத்தில் தயார். அதன்பின் செயலி செய்வது என்ற காரியத்துக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. அப்படியென்றால் எதற்கு விலை கொடுப்பது?

இன்மைக்கு. ஒரு செயலியை உபயோகிப்பவர்களில் நூற்றுக்கு ஒருவரிடமிருந்து, மூன்று நாட்களுக்கு, சொல்லாமல் அதை எடுத்துவிடுகிறோம். திரையில் இணைப்புக் கோளாறு என்று மட்டும் வரும். அந்த மூன்று நாளும் அவர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கடையின் பட்டை அவருடைய நாடித்துடிப்பை, தூக்கத்தை, வியர்வையை, கை எத்தனை முறை போனைத் தேடிப் போகிறது என்பதைக் குறித்துக்கொள்கிறது. அதிலிருந்து பூஜ்யம் முதல் நூறு வரை ஒரு மதிப்பெண். எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு விலை. இதன் அழகைக் கவனியுங்கள். நட்சத்திரத்தைக் காசுக்கு வாங்கலாம். வலியை வாங்க முடியாது. உடம்பு பொய் சொல்லாது.

சிந்துஜாவுக்கு அது புரியவே முழுதாக ஒரு காலைப் பொழுது ஆனது.

கோவையில் சரவணம்பட்டிப் பக்கம், வரிசை வீடுகளில் நான்காவது வீடு. முப்பத்திரண்டு வயது. நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஐந்து வருடம் உழைத்து 'தாளம்' என்ற செயலியைச் செய்திருந்தார். திக்குவாய் உள்ளவர்களுக்கானது. திக்கிப் பேசுகிறவர்கள் தாளத்தோடு பேசும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. பாடும்போதும் அப்படித்தான். இந்தச் செயலி பேசப்போகிறவரின் மூச்சைக் கேட்டு, சொல் தடைபடப் போகும் நொடிக்குச் சற்று முன் மணிக்கட்டில் மெல்ல ஒரு தட்டு தட்டும். நாக்கு அந்தத் தட்டலைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிடும். இதைவிட அழகானது, தட்டல் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஆறாவது மாதத்தில் நின்றுவிடும் என்பது. அதற்குள் அவர் தானே பேசக் கற்றிருப்பார்.

"நாலாயிரம் பேர் வச்சிருக்கறாங்க சார். பாதிப் பேருக்கு சுத்தமா நின்னே போச்சு. ஆனா எனக்கு வாரது கரண்டு பில்லுக்குப் பத்தலீங்" என்றார் சிந்துஜா.

"உங்க மார்க் ரெண்டுங்க அம்மணி. நூத்துக்கு ரெண்டு."

"ரெண்டா? அதெப்பிடிங்?"

"குணமானவங்ககிட்ட இருந்து எடுத்தோம். எடுத்ததே அவங்களுக்குத் தெரியல. நல்லாத் தூங்கறாங்க, நல்லாப் பேசறாங்க. வலிக்கலியே."

"அப்ப குணமாக்குனா காசில்லீங்களா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். குணமானவருக்கு நீங்க தேவையில்ல, அவ்வளவுதான்."

உள்ளேயிருந்து சிந்துஜாவின் தம்பி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். தரணிதரன், இருபத்தாறு வயது. சிந்துஜா செயலி செய்ததே அவருக்காகத்தான். ஆறு வயதிலிருந்து திக்கியவர். இப்போது பருத்தி ஏலக் கூடத்தில் ஏலம் கூறுகிறார். திக்குவாயர் ஒருவர் ஏலம் கூறுவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

"வாங்க சார். எங்கக்கா ஆப் விக்கறதுக்கு நான் ஏலம் போட்டிருந்தா இந்நேரம் பங்களா வாங்கியிருக்கலாம்" என்றார். ஒரு தடங்கல் இல்லை. கையில் பட்டைகூட இல்லை.

"கழட்டிட்டீங்களா தம்பி?"

"ரெண்டு மாசமாச்சுங். தட்டறது நின்னுபோச்சு. அப்பறம் அது என்னத்துக்குக் கையில?"

டெவலப்பர்கள் எல்லோரும் செய்வதைத்தான் சிந்துஜாவும் செய்திருந்தார். புதிதாக எது செய்தாலும் முதலில் வீட்டு ஆளின் கையில் கட்டிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் பரிசோதகர் பட்டியலில் இருப்பார்கள். அவர்களிடமிருந்து கடை எதையும் எடுக்காது. அவர்களுடைய வலி கணக்கிலும் வராது.

அடுத்த மாதம் சிந்துஜா தட்டல் குறைவதை நிறுத்தினார். நான் சொல்லவில்லை. ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை, விளக்கம் மட்டும்தான். புதிய பதிப்பு தேவையிருக்கிறதோ இல்லையோ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தட்டியது. என்றைக்கும் நிற்காது. மக்கள் சரளமாகப் பேசினார்கள், பாராட்டி எழுதினார்கள், நண்பர்களுக்குச் சொன்னார்கள். நாலாயிரம் பேர் நாற்பதாயிரமானார்கள். எட்டு மாதத்தில் மதிப்பெண் ஐம்பத்தேழுக்கு ஏறியது.

அறுபதைத் தொட்டால் நிலை விலை. மூன்று வருடத்துக்கு மாதம் மூன்று லட்சத்துக்குக் குறையாது. ஐம்பத்தொன்பதானாலும் கிடையாது. அதுவரை மதிப்பெண்ணுக்கு ஏற்ற சில்லறைதான். கோடு என்று ஒன்று இருந்தால் அது எங்காவது இருந்துதானே ஆக வேண்டும்?

"மூணு மார்க்குங் சார்" என்றார் அவர், இரண்டாம் முறை நான் போனபோது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "மூணே மார்க்கு. நூத்துல ஒருத்தர எடுக்கறீங்களே, அது குலுக்கல் மாதிரீங்களா?"

நல்ல கேள்வி. இப்படிக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். தாளை எடுத்து வரைந்தே காட்டினேன். முழுக்கக் குலுக்கல் இல்லை. யார் அதிகம் உபயோகிக்கிறாரோ அவருக்கு அதிக வாய்ப்பு. வலி ஒரே சீராகவும் கூட்டப்படுவதில்லை. ஒருவருக்கு மிக மோசமாக வலித்தால் அது பத்துப் பேரின் லேசான எரிச்சலைவிடக் கனமாக நிற்கும். பேசியே பிழைக்கிற ஒரு ஆள், பலர் முன்னால் பேச முடியாமல் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு ஆளே மூன்று மதிப்பெண்ணைத் தூக்கிவிடுவார்.

"நடிச்சா?"

"வாய் நடிக்கும் அம்மணி. நாடி நடிக்காது."

கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த தரணி சிரித்தார். "நாடி துடிக்கோணும், அவ்வளவுதானுங்களே? எங்க கூடத்துல வந்து ஒரு நாள் தப்பா ஒரு ரேட்டச் சொல்லிப் பாருங்க சார். யாவாரிங்க பேசற பேச்சுல செத்த பொணத்துக்கும் நாடி துடிக்கும்."

"சும்மாருடா" என்றார் சிந்துஜா.

"ஏனக்கா? மூணு நாளு. இருவது வருசம் ஓசியில திக்கியிருக்கறேன். மூணு நாள் காசுக்குத் திக்குனா ஆகாதா?"

சிந்துஜா அவரைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார். "தம்பிய டெஸ்டர் லிஸ்டுல இருந்து எடுத்து, புது வெர்சனக் கட்டிவிட்டா, விதிப்படி தப்புங்களா?"

தப்பில்லை என்று சொன்னேன். விதியில் அப்படி எதுவும் இல்லை.

அவர் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கலாம். குணமான ஒருவர் நிற்காத தட்டலை மறுபடி கட்டிக்கொண்டால் என்னாகும்? என்னிடம் பதில் இருந்தது. நாற்பதாயிரம் பேரில் அப்படிக் கட்டியவர்கள் நூற்றுப்பதினாறு பேர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு தட்டல் வருகிறது என்றால் நாக்கு காத்திருக்கப் பழகிவிடுகிறது. காத்திருக்கும் நாக்குக்குத் தட்டல் வராவிட்டால் நிற்கிறது. ஒரு மாதம் போதும். நூற்றுப்பதினாறில் தொண்ணூற்றெட்டு பேர் பழையபடி ஆகியிருந்தார்கள், சிலர் பழையதைவிட மோசமாக. அருமையான வரைபடம் அது, செங்குத்தாக ஏறும். அவர் கேட்கவில்லை. தன் பழைய பதிப்பு குணமாக்கியது குணமாக்கியதுதான் என்று நம்பினார். தான் செய்த பொருளின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. கேட்டதற்கு மட்டும் விளக்கம் சொல்ல வேண்டும் என்பது என் வேலையின் முதல் விதி.

தரணி புதிய பதிப்பைக் கட்டிக்கொண்டார். ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு தரணியின் பட்டையில் தட்டல் நின்றது. செவ்வாயும் புதனும் ஏல நாட்கள்.

ஏலக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூணுதரம் என்று கூறுபவர் வாயிலிருந்து வரும்வரை, கேட்ட வியாபாரி தான் கேட்ட விலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதனால் கூறுபவர் ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று மூச்சுவிடாமல் முடித்துவிடுவார். விவசாயிக்குக் கிடைக்கிற பாதுகாப்பு அந்த வேகம் ஒன்றுதான்.

முதல் நாள் தரணி செய்தது நடிப்பு. பேர்களில் திக்கினார், மூட்டை எண்ணில் திக்கினார். மூணுதரத்தில் மட்டும் திக்கவில்லை. யாருக்கும் நட்டம் வந்துவிடக் கூடாது என்று கவனமாக இருந்தார். வியாபாரிகள் சிரித்தார்கள். "ஏனப்பா, ரெக்கார்டு தேஞ்சுபோச்சா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் விலை கேட்கும்போதே "ஏ ஏ ஏ ஏழாயிரம்" என்று திக்கிக் கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. பட்டையில் நாடி நூற்றுப் பத்து. நான் சொன்னேன் அல்லவா, நடித்தது திக்கலைத்தான். அவமானம் அசல். எங்கள் கருவிக்கு அது போதும்.

இரண்டாம் நாள் மூன்றாவது குவியல் ராக்கியண்ணன் என்பவருடையது. புளியம்பட்டிப் பக்கத்துக்காரர், பதினாறு மூட்டை, நல்ல பஞ்சு. ஏழாயிரத்து நானூறு வரை போனது. தரணி ஒருதரம் என்றார். ரெண்டுதரம் என்றார். அதற்கப்புறம் வரவில்லை.

கூடத்துக் கேமராவின் பதிவைப் பட்டையின் கணக்கோடு சேர்த்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பதினேழு நொடி. முதல் இரண்டு நொடி வரை அவரே தான் நடிப்பதாக நினைத்திருக்க வேண்டும், நாடி சமமாகத்தான் இருக்கிறது. மூன்றாவது நொடியில் அது நூற்றறுபதுக்குத் தாவுகிறது. வாய் திறந்திருக்கிறது, காற்று போகவில்லை. ஒன்பதாவது நொடியில் வியாபாரி சொல்கிறார், "நான் வாபஸ். ஆறாயிரத்து எண்ணூறு." கூட்டத்தில் ஒருவர் கைதட்டுகிறார். ராக்கியண்ணன், "சொல்லு சாமி, சொல்லிரு சாமி" என்று கெஞ்சுகிறார். பதினேழாவது நொடியில் தரணி கல்லாப்பெட்டி மேசையில் கையால் ஓங்கி மூன்று முறை அடிக்கிறார். அடித்தது செல்லாது, வாயால்தான் சொல்ல வேண்டும் என்று கூடத்து மேலாளர் தீர்த்துவிட்டார்.

குவியல் ஆறாயிரத்து எண்ணூறுக்குப் போனது. மதியமே தரணியை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ராக்கியண்ணன் வெளியே காத்திருந்து அவரைக் கன்னத்தில் அறைந்ததும் பட்டையில் இருக்கிறது, சிறிய கூர்மையான ஒரு மேடாக.

சிந்துஜாவின் மதிப்பெண் அறுபத்துநான்கு.

நிலை விலைக் கடிதத்தோடு நான் போனபோது வீட்டில் யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். தரணியின் பட்டையில் தட்டல் திரும்பி வந்திருந்தது. அவர் பேசினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி, சுவர்க் கடிகாரம் போல. பழைய கேலி எதுவும் அதில் வரவில்லை. கேலிக்கு வேகம் வேண்டும்.

"கழட்டுனா. வரமாட்டீங்குது. சார்" என்றார். "ஒரு. எழுத்துக்கூட."

"பழைய வெர்சன இவனுக்கு மட்டும் போட்டுவிட்டர்றேன்" என்றார் சிந்துஜா. "ஆறு மாசத்துல சரியாயிரும். மொதல்ல ஆனதுதானே?"

அதற்குத்தான் நான் வந்திருந்தேன். பொறுமையாகச் சொன்னேன். ஒரு டெவலப்பரின் பெயரில், ஒரே வேலைக்கு ஒரு செயலி, அதில் ஒரு பதிப்புதான் இருக்கலாம். நிலை விலைக்கு வந்த செயலிக்குப் பரிசோதகர் பட்டியல் கிடையாது. கடைக்கு வெளியே எழுதியதைப் பட்டை ஏற்காது. மூன்று வருடத்துக்கு ஒரு தட்டலைக்கூடக் குறைக்கக் கூடாது, ஏனென்றால் நாங்கள் விலை கொடுத்தது அந்தத் தட்டலின் தேவைக்கு. ஆனால் கடை இரக்கமில்லாதது அல்ல. பத்து நாள் அவகாசம் உண்டு. பத்து நாளுக்குள் நிலை விலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், அவர் பழைய பதிப்பை மறுபடி போட்டுக்கொள்ளலாம். தம்பி மட்டுமல்ல, நாற்பதாயிரம் பேரும் மெல்ல மெல்லக் குணமாவார்கள்.

"மார்க்கு?"

"ரெண்டுக்கு வந்துரும் அம்மணி."

"மூணு வருசம் வச்சிருந்துட்டு அப்பறமா மாத்துனா?"

"தாராளமா."

"அதுக்கு நடுவுல இவங்கிட்டருந்து மறுபடியும் எடுப்பீங்களா?"

வருடத்துக்கு ஒரு முறை மறுசோதனை உண்டு. முன்பு அதிகமாக வலித்தவர்களை முதலில் எடுப்போம். மதிப்பெண் குறைந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள அதுதான் குறுக்கு வழி. இதையும் வரைந்து காட்டினேன். அவர் தாளைப் பார்த்த வேகத்திலிருந்தே கணக்கு புரிந்துவிட்டது தெரிந்தது. மூன்று வருடம், இன்னும் இரண்டு முறை. தரணியும் பார்த்தார். பிறகு பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு நான் போனேன். முன்னறையில் புதிய ஏசி மாட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் துளை போடும் சத்தம் காதைத் துளைத்தது. சிந்துஜா ஆட்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

தரணி பின்கட்டில் செய்தித்தாளை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார். கையில் பட்டை இல்லை. பத்து நாளாக இல்லை என்று என் கருவி சொன்னது. ஒரு வரியைச் சத்தம்போட்டுப் படிக்க முயன்றுகொண்டிருந்தார். ஒரு செய்தியின் முதல் வரியில் பாதிக்கு மேல் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தது. பத்து நாளில் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

"என்ன முடிவு பண்ணியிருக்கறீங்க அம்மணி?"

"வச்சுக்கறனுங் சார்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மூணு வருசம்தானுங்களே. கண்ண மூடித் தொறந்தா ஓடிரும். அஞ்சு வருசம் நான் தின்னது என்னன்னு இவனுக்குத் தெரியும். நாப்பதாயிரம் பேருல யாரு வந்து எனக்குச் சோறு போட்டாங்க? அப்பறம் இவன நானே சரி பண்ணிக்கறேன்."

"ஒரே ஒரு சடங்கு பாக்கியிருக்கு. செயலிய உபயோகிக்கறவர் உங்க வீட்டு ஆளா இருந்தா, அவரையும் கேட்டு எழுதணும்."

நான் தரணியின் பக்கம் திரும்பினேன். "தம்பி, உங்க அக்கா தொடரலாம்னு சொல்றாங்க. உங்களுக்குச் சம்மதமா, இல்லையா?"

அவர் எழுந்து நின்றார். செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். என் முகத்தை நேராகப் பார்த்து வாயைத் திறந்தார். சத்தம் எதுவும் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, தாடை ஒரு பக்கம் இழுத்தது, கண் இமை துடித்தது. இதை மௌனத் தடை என்பார்கள். முதல் எழுத்துக்கு முன்பே குரல்வளை இறுகப் பூட்டிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் அவசரப்படுத்தாமல் நின்றால் ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலும் திறந்துவிடும். அவர் கையை லேசாக உயர்த்தினார், கொஞ்சம் இருங்கள் என்பது போல.

"அவனுக்குச் சம்மதந்தானுங்" என்றார் சிந்துஜா. "நேத்தே சொல்லிட்டான்."

தரணி அக்காவின் பக்கம் திரும்பவில்லை. கை உயர்ந்தபடியே இருந்தது.

எனக்கு அன்று பீளமேட்டில் இன்னும் இரண்டு டெவலப்பர்கள் காத்திருந்தார்கள். படிவத்தில் சம்மதம் என்ற கட்டத்தைத் தொட்டேன். அது பச்சையானது. சிந்துஜா தன் விரலை வைத்தார். கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டு, முன்னறையில் கிடந்த சிமென்ட் தூளை மிதிக்காமல் வெளியே வந்தேன்.

வாசல் கேட்டைச் சாத்தும்போது பின்கட்டிலிருந்து தரணியின் குரல் கேட்டது. திறந்துவிட்டது போலிருக்கிறது. ஒரே சொல்தான், மிகச் சத்தமாக; எந்தச் சொல் என்று பிடிபடவில்லை. அதற்குள் ஏசி மாட்டுகிறவர்கள் திரும்பி வந்து மறுபடி துளை போட ஆரம்பித்திருந்தார்கள்.